இரண்டு இடது, ஒரு வலது

நான் அந்த மையத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஒருவரைக் குறை சொல்ல வேண்டுமென்றால் அவர் ஏதாவது செய்திருக்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு கிடங்கின் மாடியில் பதினோரு வருஷமாக இருந்த ‘புறநகர்த் தொழில் முனைவோர் ஆலோசனை, ஊக்குவிப்பு, வழிகாட்டு மையம்’ 1987 வரை எதையும் செய்ததில்லை. அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒன்றைச் செய்து தொலைத்தது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

மண்ணூர்பேட்டையில் சாமுண்டீஸ்வரி என்பவள் கையுறை தைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டு வீட்டு முன்னறையில் நாலு மிதி மிஷின். அவள், கன்னியம்மா, பஞ்சவர்ணம், ஜெகதாம்பாள் என்று நாலு பேர். கனத்த காடாத் துணியில் கையுறை தைத்து, உள்ளங்கையில் ஒரு தோல் துண்டை வைத்து அடித்தால் சரக்கு தயார். அவள் புருஷன் வேம்புலி அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப் போய்ப் பக்கத்திலிருந்த இரும்பு பீரோ கம்பெனியில் போட்டுவிட்டு வருவான். அந்த வட்டாரத்தில் அந்த மாதிரிக் கையுறை வாங்குகிற கம்பெனி அது ஒன்றுதான். அஞ்சு வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இதில் ஒரு சமாசாரம் உண்டு. ஒரு கட்டு என்றால் முப்பது உறை. அதில் இருபது இடது கைக்கு, பத்து வலது கைக்கு. பீரோ கம்பெனியில் தகடு வெட்டுகிறவர்கள் இடது கையால் தகட்டின் ஓரத்தைப் பிடித்துத் தள்ளி, வலது கையால் பிடியை இழுப்பார்கள். இடது உறை வாரத்தில் கிழிந்துவிடும். வலது உறை இரண்டு வாரம் தாங்கும். ஸ்டோர் கீப்பர் தசரதன் இதைக் கவனித்து, இரண்டு இடதுக்கு ஒரு வலது போதும் என்று ஒருநாள் கேட்டிலேயே வைத்துச் சொன்னார். சாமுண்டீஸ்வரியும் சரி என்றாள். எந்தக் காகிதத்திலும் இது ஏறவில்லை. ஆனால் அந்த அஞ்சு வருஷத்தில் அங்கே ஒருத்தன் கையிலும் தகடு ஏறவில்லை.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் பீரோ கம்பெனிக்குப் புதிதாக ஒரு பர்ச்சேஸ் மேனேஜர் வந்தார். அவருக்குக் காகிதம்தான் கண். மார்ச் முப்பத்தொன்றுக்குள் மேற்படி மையத்தின் சான்றிதழ் கொண்டு வராதவர்களிடம் ஒரு ஆணிகூட வாங்கப்படமாட்டாது என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார். வேம்புலி அதைப் படித்துவிட்டு, சரக்கை இறக்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டான். அன்றைக்கு நாலு மிஷினும் அரை நாள் நின்றன. பஞ்சவர்ணத்தின் புருஷன் வேலை செய்த ஆலை பூட்டிக் கிடந்தது. கன்னியம்மாவுக்குப் புருஷனே கிடையாது. அந்த மிஷின்கள் ஓடினால்தான் நாலு வீட்டில் அடுப்பு எரியும். சாமுண்டீஸ்வரி மறுநாள் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு மையத்துக்குப் போனாள்.

மையத்தின் முதன்மை ஆலோசகர் வீரராகவன். நெற்றியில் நாமம், மேஜையில் பூகோள உருண்டை. முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு வரவேற்பு உரை நிகழ்த்துவது அவர் வழக்கம். ஒருத்தர் வந்தாலும் எழுந்து நின்றுதான் பேசுவார். நானும் அதைக் கேட்டவன்தான். வேலப்பன்சாவடியில் கோலி சோடா போடலாம் என்ற எண்ணத்தோடு அதே மாதத்தில் அங்கே போயிருந்தேன்.

“நான் இந்த நாற்காலிக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. இதுவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு பேருக்கு ஆலோசனை வழங்கியிருக்கேன். என் ஆலோசனையைக் கேட்டு ஆரம்பிச்ச ஒரு கம்பெனிகூட இன்னைய தேதி வரைக்கும் நஷ்டம் அடைஞ்சதில்லை. ஏன்னா ஒண்ணுகூட ஆரம்பிக்கப்படலை. ஆபத்தில்லாத தொழில் வளர்ச்சிங்கறது இதுதான்.”

சாமுண்டீஸ்வரி பயபக்தியோடு கேட்டுவிட்டு, தான் ஏற்கெனவே அஞ்சு வருஷமாகத் தைத்துக்கொண்டிருப்பதாகவும், ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றும் சொன்னாள். வீரராகவன் முகம் சுண்டிப்போனது. மையத்திடம் ஆலோசனை கேட்காமல் ஒரு தொழில் அஞ்சு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது என்பதை அவரால் உடனே ஜீரணிக்க முடியவில்லை. மையத்தின் விண்ணப்பத்தில் ‘தொடங்க உத்தேசித்துள்ள தொழில்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, தொடங்கிவிட்ட தொழிலுக்குக் கட்டம் கிடையாது, ஆகவே அவள் தொழில் சட்டத்தின் பார்வையில் இன்னும் பிறக்கவில்லை என்று விளக்கி அனுப்பினார்.

மாடிப்படியில் பியூன் துலுக்கானம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அந்த மையத்தில் பயனுள்ள ஆலோசனை சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

“இன்னாமே நீ, உண்மையெல்லாம் போயி சொல்லிகினு கீறே? நாளைக்கி வா. புச்சா ஆரம்பிக்கப் போறேன்னு எய்து. அவருக்கு ஆளு மொகம் ஞாபகம் இருக்காது. ஃபாரம்தான் ஞாபகம் இருக்கும்.”

அப்படியே எழுதினாள். அப்படியே மறுநாள் வீரராகவன் எழுந்து நின்று அதே உரையை முதலிலிருந்து நிகழ்த்தினார்.

மையத்தின் நடைமுறைப்படி அடுத்தது சந்தை ஆய்வு. சர்வே அதிகாரி ஒருவர் ஜீப்பில் மூன்று வாரம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் சுற்றிவிட்டு முப்பத்தெட்டுப் பக்கத்தில் அறிக்கை கொடுத்தார். அதன் சாரம்: இந்த வட்டாரத்தின் தகட்டுக் கையுறைத் தேவை முழுவதையும் மண்ணூர்பேட்டையைச் சேர்ந்த ஒரு அம்மாள் ஏற்கெனவே நிறைவேற்றி வருகிறார். அவரோடு போட்டி போட்டு ஜெயிப்பது கடினம். ஆகவே விண்ணப்பதாரரான திருமதி சாமுண்டீஸ்வரிக்கு இந்தத் தொழில் உகந்ததல்ல.

அறிக்கையின் பின்னிணைப்பில் அந்த அம்மாளின் பெயரும் சாமுண்டீஸ்வரி என்றும், இருவரும் ஒரே தெருவில் வசிப்பதாகவும் குறிப்பிடப்பட்டிருந்தது. இதையும் அதிகாரி கவனிக்காமல் விடவில்லை. பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்க விண்ணப்பதாரர் தம் கம்பெனிக்கு வேறு பெயர் வைப்பது நல்லது என்று பரிந்துரை செய்திருந்தார்.

வீரராகவன் அவளைக் கூப்பிட்டு, மனம் தளரக் கூடாது, காளான் வளர்க்கலாமே என்றார். காளானுக்கு மண்ணூர்பேட்டையில் போட்டி அறவே இல்லை. சாப்பிடுகிறவர்களும் இல்லை என்பதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. சாமுண்டீஸ்வரி தனக்குத் தெரிந்தது கையுறை ஒன்றுதான் என்று பிடிவாதமாக நின்றாள். அப்படியானால் ஒரே வழிதான் இருக்கிறது என்றார் அவர். அந்தப் பழைய அம்மாள் கடையை மூடினால் சந்தையில் இடம் காலியாகும்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, துலுக்கானத்திடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, தான் தொழிலை மூடிவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அங்கேயே கொடுத்தாள். விண்ணப்பத்திலும் அந்தக் கடிதத்திலும் ஒரே கையெழுத்து. ஆனால் இரண்டும் வேறு வேறு ஃபைலில் போய் உட்கார்ந்ததால் வம்பில்லை. அந்தப் போட்டியாளர் இவ்வளவு சீக்கிரம் மனம் மாறியதைப் பார்த்து வீரராகவனே ஆச்சரியப்பட்டார்.

வம்பு வேறு வழியில் வந்தது. ஒரு தொழில் மூடப்பட்டால் அது ஏன் தோற்றது என்று மையம் ஆராய்ந்தாக வேண்டும். தோல்வி ஆராய்ச்சிக்குழு என்று மூன்று பேர் கொண்ட குழு ஒன்று பல வருஷமாக வேலையில்லாமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷத்தில் தோற்பதற்கு ஒரு கம்பெனிகூடக் கிடைக்காமல் ஏங்கிப் போயிருந்த அவர்கள், கேமராவும் டேப்புமாக மண்ணூர்பேட்டைக்கு ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

வேம்புலி தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணியை அடித்துத் தகவல் கொடுத்துவிட்டான். நாலு மிஷின் மேலும் நாலு பழம்புடவையைப் போர்த்தினார்கள். நாலு பெண்களும் கையை மடியில் வைத்துக்கொண்டு, தோற்றுப்போனவர்கள் எப்படி உட்காருவார்களோ அப்படி உட்கார்ந்தார்கள். கன்னியம்மாவின் கால் மட்டும் பழக்க தோஷத்தில் புடவைக்கு அடியில் மிதித்துக்கொண்டே இருந்தது. அது என்ன சத்தம் என்று குழுத் தலைவர் கேட்டார். ஊட்டுல எலித் தொல்லை சார், என்றாள் சாமுண்டீஸ்வரி. தோல்விக்கான காரணங்களில் எலி என்று ஒருவர் எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் மூலையில் கட்டி வைத்திருந்த சரக்கு அவர்கள் கண்ணில் பட்டது. அவிழ்த்து எண்ணினார்கள். இடது இருபது. வலது பத்து. மறுபடி எண்ணினார்கள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமுண்டீஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குழுத் தலைவர் அவள் தோளைத் தட்டாத குறையாக ஆறுதல் சொன்னார்.

“பரவாயில்லம்மா. படிக்காதவங்க. மனுஷனுக்கு ரெண்டு கைதான்னு எடுத்துச் சொல்ல உங்களுக்கு யாரும் இல்ல. எங்க கிட்ட வந்திருந்தா நாங்க சொல்லியிருப்போம்.”

அவளை மிஷின் பக்கத்தில் நிற்க வைத்து, முகம் தெரிந்தால் மனம் நோகும் என்று முதுகுப் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிப்ரவரி கடைசியில் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தது. பயிற்சியில் தேறினால்தான் சான்றிதழ். நாங்கள் ஒன்பது பேர். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் செங்கல் அறுக்க நினைத்த ஒருவர், மெழுகுவத்தி ஊற்ற நினைத்த இரண்டு பேர், நான், சாமுண்டீஸ்வரி, இன்னும் சிலர். அவள் விடிகாலையில் எழுந்து தைப்பாள், பத்து மணிக்கு வகுப்புக்கு வருவாள், அஞ்சு மணிக்குப் போய் மறுபடி தைப்பாள். மூடிய தொழிலையும் தொடங்காத தொழிலையும் ஒரே ஆள் பார்ப்பது சுலபமில்லை. வகுப்பில் அடிக்கடி தூங்கி விழுவாள்.

தொழில் என்றால் என்ன என்பது இரண்டு நாள் நடந்தது. லாபம் என்றால் என்ன என்பது அரை நாள். திறப்பு விழா நடத்துவது எப்படி என்பது ஆறு நாள். கம்பெனி தொடங்குவதில் மையத்துக்கு நன்றாகத் தெரிந்த பகுதி அதுதான். ஒரே ரிப்பனை எல்லோரும் வெட்டி, முடிச்சுப் போட்டு, அடுத்தவரும் வெட்டிப் பழகினோம். கடைசியில் ரிப்பனில் முடிச்சுதான் அதிகம் இருந்தது.

மூன்றாவது வாரத்தில் வீரராகவன் தோல்விப் பாடம் எடுத்தார். அச்சடித்த சிறு புத்தகம் ஒன்றை ஆளுக்கொன்று கொடுத்தார். தலைப்பு: ‘மண்ணூர்பேட்டை அம்மாள்: ஒரு வீழ்ச்சியின் கதை’. அட்டையில் மிஷின் பக்கத்தில் ஒரு பெண்ணின் முதுகு. சாமுண்டீஸ்வரி அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் ஜாக்கெட்டின் முதுகுத் தையலைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதே ஜாக்கெட்தான்.

பாடம் முக்கால் மணி நேரம் ஓடியது. அந்த அம்மாளுக்குப் படிப்பில்லை. எண்ணத் தெரியவில்லை. இடம் வலம் தெரியவில்லை. எலி. கடைசியாக, எல்லாவற்றுக்கும் மூலகாரணமாக, ஆலோசனை பெறவில்லை. வீரராகவனின் குரல் தழுதழுத்தது. மெழுகுவத்திக்காரர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே அந்த அம்மாள் மேல் பரிதாபம் வந்தது, பக்கத்துப் பெஞ்சில்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும்வரை.

சாமுண்டீஸ்வரி எழுந்து நின்றாள்.

“சார், அது நான்தான் சார்.”

வீரராகவன் பூரித்துப்போனார்.

“பாருங்க, இதுதான் எனக்கு வேணும். தோத்தவங்க இடத்துல தன்னை வெச்சுப் பாக்கற மனசு. உக்காரும்மா. ஆனா பரீட்சையில இதுக்கு மார்க் கிடையாது.”

பரீட்சை மார்ச் இருபதாம் தேதி. நூறு மார்க்குக்கு ஒரே கேள்வி: மண்ணூர்பேட்டை அம்மாள் தோல்வியடைந்ததற்கான ஐந்து காரணங்களை விளக்குக. நாங்கள் எட்டுப் பேரும் எலி உட்பட எல்லாவற்றையும் எழுதித் தள்ளினோம். சாமுண்டீஸ்வரி இரண்டே வரி எழுதினாள். அந்த அம்மா தோற்கவில்லை. இன்று காலைகூட இரண்டு கட்டு தைத்துவிட்டுத்தான் வந்தார்.

எட்டுப் பேர் தேறினோம். ஒருத்திதான் பெயில். அவள் விடைத்தாளில் சிவப்பு மையில் ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதியிருந்தது.

தேறிய எங்களுக்கும் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. தேறியபின் தனித்தனியாகக் கூப்பிட்டு ஆலோசனை சொன்னார்கள். இரண்டாயிரமாவது வருஷத்தில் ஜனங்கள் சோடா குடிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. நான் காப்பாற்றப்பட்டேன். செங்கல்காரரும் மெழுகுவத்திக்காரர்களும் காப்பாற்றப்பட்டார்கள். சான்றிதழ் யாருக்கு உயிர்ப் பிரச்சினையோ அவள் மட்டும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். துலுக்கானம் அவளுக்கு வேர்க்கடலை கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி மறுபரீட்சை என்று சொன்னார்கள். சான்றிதழை அடுத்த மூன்று நாளுக்குள் கம்பெனியில் சேர்க்க வேண்டும். அதை விட்டால் ஒன்றும் இல்லை. அன்றைக்கு நானும் சும்மா துணைக்குப் போயிருந்தேன். அதே கேள்வி. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே இருந்தாள்.

அஞ்சு வருஷத்தில் ஒருநாளும் சரக்கு திரும்பி வந்ததில்லை. ஜுரத்தோடு தைத்திருக்கிறாள். அடைமழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது மிஷினைக் கட்டில்மேல் ஏற்றித் தைத்திருக்கிறாள். இப்போது அவள் கையாலேயே, நான் ஒரு முட்டாள், எனக்கு எண்ணத் தெரியாது என்று எழுதவேண்டும். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் தாள் நனைந்தால் மார்க் குறையும் என்று அடக்கிக்கொண்டாள். எனக்கு அந்த மாடியிலிருந்து பூகோள உருண்டையை எடுத்து ரோட்டில் எறியலாமா என்று இருந்தது. எறியவில்லை. நானும் அங்கே பயிற்சி பெற்றவன்தானே.

அவள் எழுதினாள். அம்மாளுக்கு எண்ணத் தெரியவில்லை. அம்மாளுக்கு இடம் வலம் தெரியவில்லை. ஒன்றுவிடாமல் அஞ்சையும் எழுதி, ஆறாவதாக, கேட்காமலே ஒன்று சேர்த்தாள்: அம்மாளுக்குத் திமிரும் இருந்தது. நூற்றுக்கு நூறு போட்டார்கள்.

முப்பதாம் தேதி திறப்பு விழா. பதினோரு வருஷத்தில் மையம் தொடங்கி வைத்த முதல் கம்பெனி. மற்ற எட்டுப் பேரையும் காப்பாற்றிவிட்டதால் தொடங்கி வைக்க இவள் ஒருத்திதான் மிச்சம். மண்ணூர்பேட்டை வீட்டு வாசலில் வாழைமரம் கட்டி, எங்கள் முடிச்சு ரிப்பனையே குறுக்கே கட்டியிருந்தார்கள். தோல்வி ஆராய்ச்சிக்குழுவும் வந்திருந்தது. வீட்டைப் பார்த்ததும் குழுத் தலைவர் நெகிழ்ந்துபோனார். ஒருத்தர் விழுந்த அதே இடத்தில் இன்னொருத்தர் எழுகிறார் என்று எல்லோரிடமும் சொன்னார். வீரராகவன் ரிப்பனை வெட்டி, மிஷின் மேலிருந்த பழம்புடவையை உருவி, கம்பெனி தொடங்கிவிட்டதாக அறிவித்தார். கன்னியம்மாவின் கால் அவர் அறிவித்து முடிப்பதற்குள்ளேயே மிதிக்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாளே வேம்புலி சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்து ஆர்டர் வாங்கி வந்தான். நாலு வீட்டிலும் அன்றைக்குக் கறிக்குழம்பு. சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: இடது ஒன்று, வலது ஒன்று என்ற ஜோடி விகிதத்தில் மட்டுமே உற்பத்தி செய்யப்பட வேண்டும். மண்ணூர்பேட்டை அம்மாளுக்கு ஏற்பட்ட கதி இன்னொருவருக்கு வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதைச் சேர்த்திருந்தார்கள். பர்ச்சேஸ் மேனேஜருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போய், ஆர்டரிலும் ஏற்றிவிட்டார். தசரதன் சொல்லிப் பார்த்தார். மேனேஜர், ஜோடி என்றால் என்ன என்று அவருக்கு விளக்கினார்.

இரண்டு மாதத்தில் பீரோ கம்பெனி ஸ்டோரில் வலது உறை இடுப்பளவு குவிந்தது. இடது உறை இல்லை. தகடு வெட்டுகிறவர்கள் வலது உறையை இடது கையில் மாட்டிப் பார்த்தார்கள். தோல் ஒட்டு புறங்கைக்குப் போய்விட்டது. உள்ளங்கையில் வெறும் துணிதான். ஜூன் மாதம் ஒருநாள் மதுரைவீரன் என்கிற வெட்டுக்காரனின் இடது உள்ளங்கையில் தகடு இறங்கி ஏழு தையல் போட்டார்கள். அவன் சாமுண்டீஸ்வரியின் தெருக்காரன். கட்டோடு வந்து வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“இன்னாக்கா, முன்ன மாரி தெக்க மாட்டியா?”

மறுநாள் சாமுண்டீஸ்வரி மதுரைவீரனையும் இழுத்துக்கொண்டு மையத்துக்குப் போய், அந்தக் கட்டுப்போட்ட கையை வீரராகவன் மேஜைமேல் வைக்கச் சொன்னாள். சான்றிதழில் ஒரு வரி மாற்ற வேண்டும், இரண்டு இடது, ஒரு வலது, அவ்வளவுதான் என்றாள்.

வீரராகவன் கையை அனுதாபத்தோடு பார்த்தார். பிறகு சொன்னார்:

“தொடங்கி வைக்கறதோட எங்க கடமை முடிஞ்சுது. தொடங்கின கம்பெனிக்கு மறுபடி ஆலோசனை சொன்னா, மொதல்ல சொன்னது தப்புன்னு ஆயிடும். நீங்க எங்களோட ஒரே வெற்றி. உங்கள மாத்தினா எங்க கிட்ட வேற ஒண்ணும் இல்ல.”

பதினோரு வருஷத்தில் அவர் பேசிய உண்மை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவர்கள் இறங்கி வரும்போது துலுக்கானம் படியில் ஒதுங்கி வழிவிட்டார். மேலே பூகோள உருண்டை இருந்த திசையைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார்.

“பீரோ கம்பெனிக்காரன் லெட்டர் போட்டுக்கீறான்மே. ஸ்டோர்ல மூட்ட மூட்டயா வலது கை கெடக்குது, இன்னா பண்றதுன்னு. ஐயா அத வெச்சி புச்சா ஒரு திட்டம் எய்திகினு கீறாரு. உம் ஊட்டுக்காரன அனுப்பு. நீ வராத, நீ ஆரம்பிச்சிட்டவ.”

வேம்புலி போனான். வரவேற்பு உரை கேட்டான். அவனுக்காக நடந்த சந்தை ஆய்வில் இடது கை உறைக்கு வட்டாரத்தில் கடும் பற்றாக்குறை இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அதை யாருமே தைப்பதில்லை என்பது அறிக்கையின் முக்கியக் கண்டுபிடிப்பு. கழிவாகக் கிடக்கும் வலது உறையை எடுத்து இடது உறையாக மாற்றித் தரும் தொழில் அவனுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. வகுப்புக்குப் போனான். மண்ணூர்பேட்டை அம்மாளைப் பற்றிப் படித்தான். பரீட்சையில் அம்மாளின் திமிரைப் பற்றி மட்டும் தனியாக இரண்டு பக்கம் எழுதி, நூற்றுக்கு நூறு வாங்கினான். அதை வீட்டில் அவன் சொல்லவில்லை.

ஆக இப்போது இப்படி நடக்கிறது. சாமுண்டீஸ்வரியின் கம்பெனி ஜோடி ஜோடியாகத் தைத்து அனுப்புகிறது. பீரோ கம்பெனி இடது உறையைப் போட்டுக் கிழிக்கிறது. மிஞ்சுகிற வலது உறையைக் கழிவென்று வெளியே தள்ளுகிறது. வேம்புலியின் கம்பெனி அதை அள்ளிக்கொண்டு அதே வீட்டுக்கு வருகிறது. உறையை உள்வெளியாகத் திருப்பினால் வலது இடதாகிவிடும். தோல் ஒட்டைப் பிரித்து வெளிப்பக்கம் வைத்து மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். தையல் வெளியே தெரியும். போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கா போகிறார்கள். சைக்கிளில் அதே கேரியரில், வேறு பில்லோடு, திரும்பவும் அதே கேட்டுக்குப் போகிறது. ஒரு உறைக்கு இரண்டு தரம் வேலை. மதுரைவீரனின் கை ஆறிவிட்டது. அவனுக்கு இடது உறை தாராளமாகக் கிடைக்கிறது.

மையத்தின் ஆண்டறிக்கையில் தொடங்கப்பட்ட கம்பெனிகளின் எண்ணிக்கை இரண்டு என்று போட்டு அடிக்கோடு இட்டிருந்தார்கள். நூறு சதவீத வளர்ச்சி.

போன வாரம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று அந்தப் பக்கம் போனேன். நாலு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. கன்னியம்மா வலது உறை ஒன்றைத் திருப்பி, ஒட்டுத் தோலைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். இந்தப் புதுத் தொழிலில் அவளுக்கு நகக்கண்ணெல்லாம் புண். பிரித்துக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“ஏங்க்கா, இத்த மொதல்லயே எடது கையா தெச்சி குடுத்துட்டா இன்னா?”

சாமுண்டீஸ்வரி ஊசியில் நூலைக் கோத்தாள். நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

“அப்பிடித்தான் ஒரு அம்மா தெச்சிகினு இருந்துச்சி கன்னிம்மா. தோத்துப் பூடுச்சாம். புக்குலயே போட்டுக்கீறாங்க.”